முறுக்கிய பிறகு

மார்ச் 3

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் உன் குரலைவிடப் பாலத்துக் காற்றுதான் அதிகம் கேட்கிறது. அதனால்தான் கடிதம். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டால் "ம்" என்பாய். எழுதும்போது "ம்" போட்டுத் தப்பிக்க முடியாது பார்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் செய்த போல்டுகள் நீ வேலை செய்யும் பாலத்துக்குத்தான் வருகின்றன. பழையதைவிட வலுவான எஃகு. நான்கு போட்ட இடத்தில் மூன்று போதும். அந்த எஃகைத் தேர்ந்தெடுத்த குழுவில் உன் அக்காவும் உண்டு. பெட்டியைத் திறக்கும்போது என்னை நினைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 29

அக்கா,

பெட்டியைத் திறந்தோம், நினைச்சுக்கிட்டோம். "உங்க அக்கா செஞ்சதா? அப்போ எப்பவும் முறுக்கிக்கிட்டுதான் நிக்கும்"னு ஒட்டகம் சொல்றான். அவன் என் கூட்டாளி. நான் முறுக்க, அவன் மறுபக்கம் நட்டைப் பிடிப்பான். உயரத்தால வந்த பேரு.

ஆனா ஒரு விஷயம் சரியில்லை. போன வாரம் முறுக்கின போல்டு ஒண்ணு, காலையில போய்ப் பார்த்தா தலை தனியாக் கீழே கிடக்குது. இழுபடவும் இல்லை, வளையவும் இல்லை. பிஸ்கட் மாதிரி ஒடிஞ்சிருக்கு. முறுக்கும்போது உடைஞ்சா என் கையைக் குறை சொல்லலாம். சும்மா இருந்தது எப்படிக்கா உடையும்? அந்தத் தலையை இதோட அனுப்புறேன். பார்த்துச் சொல்லு.

உன் தம்பி

ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய தலையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். உடைந்த முகம் சர்க்கரைக் கட்டியைப் பிட்டது போல இருக்கிறது. எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்திருக்கிறது. அது உள்ளே இருந்தால், முறுக்கி வைத்த போல்டு சில நாள் கழித்துத் தானாகவே ஒடியும். துரு போக அமிலத்தில் கழுவும்போதும், பூச்சு ஏற்றும்போதும் அது உள்ளே நுழைந்துவிடும். பூச்சு முடிந்த கையோடு பல மணி நேரம் அடுப்பில் வைத்தால் வெளியேறும். பழைய போல்டு இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். எஃகு வலுவாக ஆக, பொறுமை போய்விடுகிறது. ஆர்டர் அவசரம் என்று அடுப்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். எனக்கே இப்போதுதான் தெரியும்.

"அனுப்பினதையெல்லாம் திரும்ப வாங்கணும் சார்" என்று மேலாளரிடம் சொன்னேன். "அடுத்த தடவை சரிபண்ணிக்கலாம்மா. இப்போ ஊரைக் கூட்டாதே" என்றார். நான் விடவில்லை. உங்கள் பாலத்து அலுவலகத்துக்கு என் பெயரிலேயே எழுதிவிட்டேன்.

போல்டுக்கு நேர் எதிரே நிற்காதே. உடையும்போது துண்டு பறக்கும். ஒட்டகத்திடமும் சொல். இறங்கிவிடு தம்பி. வீட்டுக்கு வந்துவிடு.

அக்கா

ஏப்ரல் 27

அக்கா,

நீ எழுதினது வந்து சேர்ந்ததுன்னு இன்ஜினியர் சொன்னார். "உங்க அக்கா சொன்னா ஆச்சா? போல்டு கம்பெனி சொல்லட்டும். கம்பெனி என்னடான்னா நீங்கதான் அதிகமா முறுக்குறீங்கன்னு சொல்லுது"ன்னார். அவ்வளவுதான். நான் இறங்கினா வேற ஆள் ஏறுவான். போல்டு என்னவோ அதேதான்.

ஒட்டகத்துகிட்டயும் சொன்னேன். "நான் இருக்கிற நீளத்துக்கு எங்கே நின்னாலும் ஏதோ ஒரு போல்டுக்கு நேராத்தான் இருப்பேன்"னு சிரிக்கிறான்.

உன்னை ஆய்வகத்துல இருந்து எடுத்து பேக்கிங்ல போட்டுட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. எனக்கு ஏன் எழுதலை?

தம்பி

ஜூன் 2

அக்கா,

ஒட்டகம் போயிட்டான். நாங்க உத்தரங்க சேருற வேற மூட்டுல நின்னுக்கிட்டிருந்தோம். பக்கத்துல எப்பவோ முறுக்கினது ஒண்ணு உடைஞ்சு, துண்டு அவன் காதுக்குக் கீழே பாய்ஞ்சிடுச்சு. ஹெல்மெட் மறைக்காத இடம். இடுப்புப் பட்டி அவனைக் கீழே விழவிடலை. இறக்குற வரைக்கும் என்னைப் பார்த்தபடியே தொங்கிக்கிட்டு இருந்தான்.

விசாரணையில, அளவுக்கு மேல முறுக்கினதுதான் காரணம்னு முடிச்சுட்டாங்க. முறுக்கினது நான்.

அவன் பொண்டாட்டி என்கிட்ட கேட்டாங்க: "உங்க அக்காவுக்கு முன்னாடியே தெரியுமாமே. தெரிஞ்சவங்க ஏன் நேர்ல வந்து நிக்கலை?" நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள்ளேயும் வந்து உட்கார்ந்துக்கிச்சு. உன் மேல தப்பில்லைன்னு வாய் சொல்லுது, மனசு கேட்கமாட்டேங்குது.

எழுதாதேக்கா. வரவும் வேண்டாம்.

நவம்பர் 12

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். மனசு கேட்காமல் இடையில் எழுதியதற்கெல்லாம் நீ பதில் போடவில்லை. அம்மாவிடம் கேட்டால் "இருக்கான்" என்கிறாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

அந்த போல்டுக்கு மாற்றாகச் செய்த புது போல்டு சோதனையில் தேறிவிட்டது. எஃகில் வனேடியம் என்ற உலோகத்தைச் சிறிது சேர்த்து, வலுவை ஒரு படி குறைத்து, அமிலத்துக்குப் பதிலாக இரும்பு மணிகளை வீசிச் சுத்தம் செய்கிறார்கள். முறுக்கி உப்புநீரில் போட்டு வைத்ததில் ஒன்றுகூட உடையவில்லை. ஆய்வகத்தில் நான் தொடங்கி வைத்துவிட்டு வந்த முறைதான். இப்போது அந்தப் பெட்டிகளுக்கு நாடா ஒட்டுகிறேன். ஏன் மாற்றினோம் என்று இங்கே யாரும் வாய் திறப்பதில்லை.

உன் கூட்டாளியின் மனைவியைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தாள். யார் என்று சொன்னதும் மூடிக்கொண்டாள். மறுபடி தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கேட்டது நியாயம்தான். பாலத்து அலுவலகத்தில் நேரில் வந்து நின்றிருந்தால் கேட்டிருப்பார்களா? தெரியாது. ஆனால் நான் வரவில்லை.

இந்தப் பெட்டிகளில் ஒன்றுகூட அந்தப் பாலத்துக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். மாட்டிய போல்டுகளைக் கழற்ற வேண்டுமானால் வேலையை நிறுத்த வேண்டுமாம், திறப்புக்கு நாள் குறித்தாகிவிட்டதாம். போன வாரத்திலிருந்து அதன் மேல் வண்டிகள் ஓடுகின்றன.

என்னோடு பேச வேண்டாம். பதிலும் வேண்டாம். அந்தப் பாலத்தின் மேலேயும் போகாதே, கீழேயும் போகாதே. எவ்வளவு தூரமானாலும் சுற்றிப் போ.

அக்கா