அம்மா தொட்ட திரை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ உடம்பு சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், அம்மாவுக்கு அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். உன் தோள்வலி எப்படி இருக்கிறது?

நீ கேட்ட லேப்டாப் விஷயமாகப் போன செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய் நீ சொன்ன இரண்டு லேப்டாப்பையும் தூக்கிப் பார்த்து, சார்ஜரோடு எடை போடச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். சார் வாங்க வந்தீங்களா, பேட்டி எடுக்க வந்தீங்களா என்று கடைக்காரர் கேட்டார். முப்பத்தாறு வருஷம் பத்திரிகைக்குச் செய்தி சேகரித்த புத்தி லேசில் போகுமா. தொடுதிரை உள்ளது ஒரு கிலோ இருநூறு கிராம், மற்றது இரண்டு கிலோ. மாதத்தில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் எக்ஸ்ரே மெஷின் சரிபார்க்கிறவளுக்கு அந்த எண்ணூறு கிராம் சின்ன விஷயம் இல்லை. வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்காரர்களைத் திரையிலேயே விரலால் கையெழுத்துப் போட வைக்கலாம். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அதில் உன் முகம்தான் தெரியும். பேட்டரி பத்து மணி நேரம் என்று அட்டையில் போட்டிருக்கிறது, ஆறு தாண்டாது என்று கடைக்காரரே குரலைத் தாழ்த்திச் சொன்னார். கேபிள் செருக இரண்டே துளை, மெஷினோடு சேர்க்கத் தனியாக ஓர் அடாப்டர் வேண்டும், அதை முதல் மாதமே ஏதாவது லாட்ஜில் விட்டுவிட்டு வருவாய், உன்னை எனக்குத் தெரியும்.

தொடுதிரை என்று எழுதும்போதே இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும், போனில் சொல்ல வாய் வராது. நீ இங்கே விட்டுப்போன பழைய லேப்டாப்பும் தொடுதிரைதான், அதில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். இரண்டு நிமிஷத்தில் கட் ஆகும், மறுபடி கூப்பிட்டால் மறுபடியும் கட் ஆகும். அம்மாவுக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கலையாப்பா, நான் இவ்வளவு தூரம் வேலைக்கு வந்துட்டேன்கிற கோபம் இன்னும் போகலையா என்று கேட்டாய். நெட் சரியில்லை என்றேன். பொய். உன் முகம் வந்ததும் அம்மா உன் மோவாயைப் பிடித்துக் கொஞ்சக் கையை நீட்டுவாள், கட் பண்ணுகிற சிவப்புப் பொத்தான் சரியாக அங்கேதான் இருக்கிறது. அது கண்ணாடி என்று அவளுக்குத் தெரியவில்லை. ஞாபகம் இனிக் குறையத்தான் செய்யும், ஏறாது என்று டாக்டர் சொல்லி நாலு மாசமாகிறது. ஊரார் மறைத்ததையெல்லாம் தோண்டி எழுதினவன் இதை மட்டும் உன்னிடம் மறைத்தேன். மறைத்ததோடு விட்டேனா, கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா, எத்தனை தடவை சொல்றது என்று ஒவ்வொரு ஞாயிறும் அவளை அதட்டினேன்.

தொடுவதை மட்டும் அணைத்து வைக்கலாமே சார், ஒரு நிமிஷ வேலை என்று அதே கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அணைத்து வைத்தேன். நேற்று நாற்பது நிமிஷம் கட் ஆகவில்லை, அம்மா கோபம் தீர்ந்துடுச்சு போலிருக்கே என்று நீ சந்தோஷமாகச் செய்தி அனுப்பினாய். அந்த நாற்பது நிமிஷமும் அவள் இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்திருந்தாள், உனக்குத் தெரிந்திருக்காது. நீ பேசி முடித்த பிறகு ஏன் தொடலை என்று அவளைக் கேட்டேன். அவர் திட்டுவார் என்றாள். யார் என்றேன். என் வீட்டுக்காரர்தான், நீங்க அவர்கிட்ட சொல்லிடாதீங்க என்று என்னிடமே சொன்னாள்.

நீ லேசானதையே வாங்கு, தோள் முக்கியம். அடாப்டரைப் பையோடு சேர்த்துக் கட்டிவிடு. வருஷக் கடைசி லீவு வரை காத்திருக்காதே, அதற்கு முன்னால் வா. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைபட்ட வேலையெல்லாம் நன்றாக நடக்க வேண்டும். வந்ததும் அம்மாவின் கையை நீயே எடுத்து உன் மோவாயில் வைத்துக்கொள். நான் எடுத்தால் இழுத்துக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா