எலிக்காய்ச்சலில் இறந்த சைக்கிள்காரனுக்கு

என் செல்லக் கொழுந்தன் ஜெபின் மக்கா,

படம் முடிந்துவிட்டது. நீ கேட்டுக்கொண்டபடி பின்னணியில் வயலின் இல்லை. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் கேவலம்தான், பொறுத்துக்கொண்டு கேள்.

உன்னை அடக்கம் செய்த கையோடு வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். சைக்கிள் மேல் நீ, முதுகில் இரண்டு சிறகு, கீழே 'வேகத்துக்கே வேகம் காட்டியவன்'. எழுதியவன் நீ ஓட்டிப் பார்த்ததே இல்லை. வாழைக்குலை ஏற்றிய தள்ளுவண்டிக்குப் பின்னால் பொறுமையாக ஊர்ந்து போகிறவன் நீ. உன் படத்தைவிடப் பெரிதாக ரோஷன் படம். நகைக்கடைக்காரர் மகன், உங்கள் கூட்டத்துக்குத் தானே தலைவனாகிக்கொண்டவன். செத்தது யாரென்று வெளியூர்க்காரர்கள் குழம்பியிருப்பார்கள்.

கூட்டம் என்கிறேன். நாகர்கோவிலில் ஃபிக்ஸி சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். அதற்கு ஒரு கொடி, ஒரு பனியன், ஒரு தலைவன்.

ஃபிக்ஸியில் சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும், காலைச் சும்மா வைத்திருக்க முடியாது, வேகத்தைக் குறைக்கவும் காலால்தான் இறுக்க வேண்டும் என்று என் அடுக்களையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் காட்டினாய். ஊருக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டாம். பிரேக் இல்லாத சைக்கிள், அதனால் சாவு. நீ முன்சக்கரத்தில் ஒரு பிரேக் மாட்டியிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. ரோஷன் கண்ணில் மட்டும் பட்டது. அதைச் சொல்லி உன்னைக் கேலி செய்தான்.

படம் எடுக்கும் ஆசையைக் கிளப்பிவிட்டதே நீதான். ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்த என் தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னும் எத்தன மாப்பிள்ளைய மைனி ஸ்லோமோஷன்ல நடக்க விடுவிய? எங்கள எடுங்க. நாங்க பாஸ்ட்டாவே போறோம்" என்றாய். மறுவாரமே உன் அண்ணன் ஸ்கூட்டரில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து கேமராவைப் பிடித்திருந்தேன். உன் அண்ணனுக்கு அன்று வந்த முதுகுவலி இன்றும் போகவில்லையாம்.

கீரிப்பாறையில் எடுத்ததுதான் இந்தப் படத்திலேயே எனக்குப் பிடித்த இடம். ரப்பர் மரங்களுக்கு நடுவே எல்லோரும் ஏறிவிட்டீர்கள். இறக்கத்தில் மற்றவர்கள் பாய்ந்தார்கள். நீ இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாய். ரோஷன் கீழே நின்று ஊளையிட்டான். நீ என் கேமராவைப் பார்த்து, "இறங்கி நடக்கதுக்கு எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல மைனி. நாளைக்கும் ஓட்டணும்லா" என்றாய்.

அப்படிச் சொன்னவனைக் கொன்றது மழை. வாழைத்தோட்டத்தில் தண்ணீர் வடியாமல் நின்றபோது குதிங்கால் வெடிப்போடு இறங்கி வாய்க்கால் வெட்டினாய். காய்ச்சல் வந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சுருண்டு கிடந்தாய். கண் மஞ்சளித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலிக்காய்ச்சல், தண்ணீரில் கலந்த எலி மூத்திரம் வெடிப்பு வழியே ஏறியிருக்கிறது, சிறுநீரகம் போய்விட்டது என்றார் டாக்டர். உன் கூட்டாளிகளுக்குத் தகவல் சொன்னோம். ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. நீ போனதும் ரோஷன் ஒரு வளைந்த சக்கரத்தின் படத்தைப் போட்டு, 'இறக்கத்தில் பறந்து போனான் நண்பன்' என்று எழுதினான். அது உன் சக்கரமே இல்லை.

எலி மூத்திரத்தில் செத்த நாயகன் அவர்களுக்கு வேண்டாம், பார்த்தாயா. ஊரும் அந்தக் கதையைத்தான் பிடித்துக்கொண்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே, "அந்தச் சைக்கிள ஏன் வாங்க விட்டிய?" என்றார்கள். பக்கத்து வீட்டு லில்லி சித்தி வாரம் தவறாமல் வந்து கேட்டாள். உன் அம்மா, என் மாமி, வாயே திறக்கவில்லை. மகனைத் தானே கொன்றுவிட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் சொன்னதைக் கேட்டவர்தான். ஆனாலும் ஊர் முழுக்க ஒன்றைச் சொன்னால் கேட்ட காது என்ன செய்யும்?

சென்னையில் படவிழா நடத்தும் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். மிக மென்மையான குரல். நோயில் சாவது 'படத்தின் ஓட்டத்துக்கு ஒட்டவில்லை'யாம். நடந்து இறங்கும் காட்சியை எடுத்துவிட்டு, காலியான சாலையில் சக்கரம் சுற்றுவதாக முடித்தால் விழாவில் சேர்த்துக்கொள்வாராம். உன் சாவை அவருடைய ஓட்டத்துக்கு ஒட்ட வைக்க வேண்டும்.

ரோஷன் உங்கள் கூட்டத்து அபிஷேக்கைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தான்.

"மைனி, சும்மா ஒரு டச்சுதானே. அவனுக்கும் பேரு, நம்ம ஊருக்கும் பேரு."

"சரிடே. அப்ப நீங்களே கேமராவுக்கு முன்னால சொல்லுங்க. எங்க விழுந்தான்?"

உட்கார வைத்தேன். முடியைச் சரிசெய்துகொண்டார்கள். ரோஷன் கண்ணை நனைத்துக்கொண்டு, "கீரிப்பாறை வளைவுல" என்றான். அதே மூச்சில் அபிஷேக், "பார்வதிபுரத்துல" என்றான். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நொடிகூட வெட்டாமல் அதை அப்படியே படத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த காட்சி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ, கஞ்சியில் உப்பில்லை என்று என்னைத் திட்டுகிறாய்.

இதை அனுப்பிய பிறகு சென்னைக்காரரின் குரல் மென்மையாக இல்லை. ஊரிலேயே படம் போட சர்ச் ஹாலைக் கேட்டேன். பிரேக் இல்லாத வண்டி இளைஞர்களுக்குத் தவறான முன்மாதிரி என்று கமிட்டியார் மறுத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஹெல்மெட்டை பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள். கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், சுவரில் வேட்டி கட்டிப் படத்தைப் போட்டோம். சாம்பார் வாசனைக்கு நடுவே நீ ஓட்டினாய்.

ரோஷன் தன் முகம் வந்ததும் விசிலடித்தான். வாய் திறந்து பேசியதும் கூடம் சிரித்தது. நீ கட்டிலில் வந்தபோது அவன் நாற்காலி காலியாக இருந்தது.

விளக்குப் போட்டார்கள். லில்லி சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்னமா இருந்த பிள்ள. அந்தச் சைக்கிளு கொண்டுபோச்சே" என்றாள். கண் முன்னால் பார்த்துவிட்டும் அதையேதான் சொன்னாள் மக்கா. எனக்குப் பதில் நாக்கு வரை வந்துவிட்டது.

மாமி முந்திக்கொண்டார். மாதக்கணக்கில் கேட்காத குரல்.

"சைக்கிளு இல்ல லில்லி. எலிக்காச்சலு. தோட்டத்துத் தண்ணில நின்னான், காச்சலு வந்தப்ப நாங்க வீட்டுல வச்சிட்டு இருந்தோம். உன் மவனும் அதே தண்ணிலதான் நிக்கான். மேலு காஞ்சா அண்ணைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. கேட்டியா?"

சித்தி வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த வாய்க்கு அது புதுப் பழக்கம்.

அடுத்த மழைக்கு அவள் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. அன்றைக்கே ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனாள். அதே காய்ச்சல்தான். ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டான். சித்தி இன்னும் நன்றி சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். ஆனால் உன் சைக்கிளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

விழா இல்லை, பரிசு இல்லை. அடுத்து தேங்காய்ப்பட்டணத்தில் மீன்காரர்கள் ஏலக்கூடத்தில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பிறகு யார் கேட்டாலும் போடுவேன். ஃப்ளெக்ஸ் வைக்கிறவன் வைக்கட்டும், சிறகு ஒட்டுகிறவன் ஒட்டட்டும். எனக்கு மூச்சு இருக்கிறவரை உன்னை எவனும் அந்தச் சைக்கிளிலிருந்து கீழே தள்ள முடியாது. இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன்னிடம் திட்டு வாங்க ஆளாயிருந்த,
உன் மைனி