அரை நூல் கோணல்

4 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். நீ நலமா? கடிதம் போட்டால் பதில் போட உனக்கு மூன்று மாதம் ஆகிறது. பார்சல் ஆபீஸில் எடை போடுகிறவனுக்கு அப்படி என்ன தலைபோகிற வேலை?

தச்சுப் பட்டறையைக் காலி செய்துவிட்டேன். நாம் இருவரும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அறுப்பு மிஷினை மட்டும் விற்க மனம் வரவில்லை. உனக்கு அடிபட்ட நாளிலிருந்து தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. இப்போது வீட்டுக் கார் ஷெட்டில் இறக்கியிருக்கிறேன். ஸ்டூல், அலமாரி என்று பொழுது போகும். மிஷின் மேஜைக்கு மட்டம் பார்த்தாயிற்று. பிளேடு நேராக நிற்கிறதா என்று பார்க்க நீ ஒரு வழி சொல்வாயே, அதை எழுது. முடிந்தால் நேரில் வா. நீ இந்த வீட்டுப் படியேறிப் பதினோரு வருஷம் ஆகிறது.

உன் அண்ணன்

15 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

பார், உடனே பதில்! என் இடது கைக் கிறுக்கலைப் படிக்கக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்.

முதலில் பிளக்கைப் பிடுங்கு. பிளேடில் ஒரே ஒரு பல்லுக்குச் சாக்பீஸ் அடையாளம் வை. மேஜையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் காடிப் பள்ளத்திலிருந்து அந்தப் பல் எவ்வளவு தூரம் என்று முன்பக்கம் அள. பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அள. பற்கள் இடமும் வலமுமாகச் சாய்ந்திருக்கும். முன்னே ஒரு பல், பின்னே வேறொரு பல் என்று அளந்தால் ஏமாந்துபோவாய். இதை அப்போதே சொன்னேன். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றாய்.

வர முடியாது. லீவு இல்லை.

தம்பி

21 மார்ச்

அன்புத் தம்பி,

நீ சொன்னபடி அளந்தேன். டேப்பில் பார்த்தால் பின்பக்கம் அரை நூல் கோணல், ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்குதான். பலகையை நெருக்கி எகிறச் செய்ய அது போதும். அடியில் போல்ட்டுகளைப் பார்த்தேன். பிளேடை நேர்ப்படுத்தியதும், வேறு யாராவது கை வைத்தால் தெரியட்டும் என்று போல்ட் மேல் சிவப்புப் பெயின்ட் வைப்பது என் வழக்கம். நான் வைத்த பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருக்கிறது. கோணலாக வைத்தவன் நான்தான்.

அன்று பலகை எகிறித்தான் உன் கட்டைவிரல் போனது. கேட்டவர்களிடமெல்லாம் "பராக்குப் பார்த்தான்" என்றேன். அதற்குப் பிறகு எந்தப் பட்டறையும் உன்னைச் சேர்க்கவில்லை. உன் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒருமுறை வந்துவிட்டுப் போடா.

அண்ணன்

2 ஏப்ரல்

அண்ணா,

எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, கட்டுப் போட்ட கையோடு பட்டறைக்குப் போய் அளந்தேன். நீயே கண்டுபிடிப்பாய், நீயே சொல்வாய் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் முட்டாள்தனம். கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அண்ணியிடம் சொல். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் எனக்குச் சோறு ஊட்டினார்கள். "கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டுக்கொண்டேதான் ஊட்டினார்கள். நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.

சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுது. மறுநாளே பஸ் ஏறுகிறேன்.

தம்பி

19 ஏப்ரல்

அன்புத் தம்பி,

பிளேடை நேர்ப்படுத்திவிட்டேன். மிஷின் நன்றாக ஓடுகிறது.

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று முறை வாயெடுத்தேன். இத்தனை வருஷம் இப்படிப்பட்ட ஆளோடா குடித்தனம் நடத்தினோம் என்று நினைத்துவிடுவாளோ என்று பயம். இந்த வயசில் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. நீ வந்து பக்கத்தில் நின்றால் அந்தத் தைரியத்தில் சொல்லிவிடுவேன்.

நேற்று முதல் பலகையை அறுக்கும்போது ஷெட் வாசலில் வந்து நின்றாள். "பார்த்துங்க. தம்பி மாதிரி பராக்குப் பார்த்துடாதீங்க" என்றாள்.

நான் "சரி" என்றேன்.

உன் அண்ணன்