பதினோராம் அறைக் கதவு

1997 ஓகஸ்ட் 4, திங்கள்

கனடாக் கடிதம் இன்றும் வரவில்லை.

ஓகஸ்ட் 5

கடிதம் இன்றும் வரவில்லை.

ஓகஸ்ட் 9, சனி

மத்தியானம் லொட்ஜ் மனேஜர் பௌஸி எங்கேயோ வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துவந்து, ஹோலில் இங்கிலீஷ் பேய்ப்படம் போட்டார். பெரிய ஹோட்டலில் தாய், தகப்பன், பிள்ளை மட்டும். போகப்போகத் தகப்பனுக்கே பேய் பிடித்து, கோடாலியால் கதவைக் கொத்துகிறான். “இவ்வளவு பெரிய ஹோட்டலில பொலிஸ் பதிவு கேக்க ஒருத்தரும் வரேல்லையே, குடுத்துவச்ச சனம்” என்றேன். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் ஒரு நாளும் இங்கே தங்க முடியாத பதினாலு அறைச் சனமும் சிரித்தது. எட்டு வயது மகள் நிரோஜா மட்டும் என் மடியிலிருந்து எழும்பித் தாயிடம் போனாள்.

படத்தில் அந்த மனிசன் கட்டுக்கட்டாக ஒரே வரியை டைப் அடித்து வைத்திருந்தான். அறைக்கு வந்து இந்த டயறிக் கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். ஜூனிலிருந்து நானும் ஒரே வரிதான்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

கடிதம் வந்தது. விசா இல்லையாம். எட்டு மாதம் காத்திருந்ததுக்கு நாலு வரி.

வெள்ளவத்தைத் தண்டவாளத்தோரம் வெயிலுக்குள் நடந்துவிட்டு மூன்று மணிக்கு வந்தால், எங்கள் பதினோராம் அறை உள்ளுக்குப் பூட்டு. மனிசி பாக்கியம் கீழே பைப்படியில் உடுப்புத் தோய்க்கிறாள். உள்ளே பிள்ளை தனிய. கூப்பிட்டேன், சத்தமில்லை. எங்கயிருந்து அந்தக் கோபம் வந்ததோ — ரெண்டு கையாலயும் குத்தினன். காலால உதைஞ்சன். “திறவடி” எண்டு கத்தினன். பெத்த பிள்ளையிட்டக் கத்துற கத்தா அது?

முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள்கள் திறக்கிற சத்தம். திரும்பினேன். பொலிஸ் செக்கிங் என்று நினைத்து முழு லொட்ஜும் வெளியே வந்து சுவரோடு வரிசையாக நிற்கிறது. முன் அறை மயிலம்மா பொலிஸ் பதிவுத் துண்டு வைத்த ஷொப்பிங் பையை நெஞ்சோடு அணைத்தபடி. பக்கத்து அறைச் சிவானந்தன் குனிந்த தலை நிமிராமல் அடையாள அட்டையை நீட்டி, பொலிஸ்காரரை ஐயா என்று சிங்களத்தில் கூப்பிடுகிறமாதிரி “மாத்தையா” என்றான்.

என்னட்ட நீட்டினான். என்னட்ட.

அப்போதுதான் எங்கள் கதவும் திறந்தது. நிரோஜா. தாய் பழக்கினபடி, பிறப்புச் சேர்ட்டிபிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

ஓகஸ்ட் 13

வெட்கக்கேடு. பைப்படியில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துப் போய் வந்தேன். அப்படியும் சிவானந்தனிடம் மாட்டுப்பட்டேன். “பரவாயில்லை அண்ணை” என்றான். அவன் என்னை நாலு பேச்சுப் பேசியிருக்கலாம். கனடா ஞாபகத்துக்கே வரவில்லை.

ஓகஸ்ட் 14

இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினேன். திறந்தாள். கையில் சேர்ட்டிபிக்கட்.

ஓகஸ்ட் 16

இன்றும் சேர்ட்டிபிக்கட். “அப்பாதானே” என்றேன். தலையாட்டினாள், ஆனால் அதைக் கீழே வைக்கவில்லை. பிள்ளை இன்னும் கதவைத் திறக்கிறாளே என்று சந்தோசப்படச் சொன்னாள் பாக்கியம். அவளிடம் நல்லாய் ஏச்சு வேண்டிக் கட்டினேன்.

ஓகஸ்ட் 18

இன்றும் சேர்ட்டிபிக்கட்.

ஓகஸ்ட் 21, வியாழன்

விடிய ஆறு மணிக்கு உண்மையாகவே செக்கிங். நான் முகம் கழுவிவிட்டுப் படியேறி வருகிறேன், எங்கள் கதவடியில் ஒரு பொலிஸ்காரர். வயதான மனிசன். இரண்டு விரலால்தான் தட்டினார். நான் உதைத்த கதவை.

நிரோஜா ஓடிவந்து திறந்தாள். வெறுங்கையோடு. அவரைக் கண்டதும் திடுக்கிட்டு உள்ளே ஓடிச் சேர்ட்டிபிக்கட்டை எடுத்துவந்தாள்.

அவர் துண்டுகளைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போனபிறகு, சேர்ட்டிபிக்கட் இல்லாமல் ஏன் திறந்தனி என்று பாக்கியம் பேசினாள்.

“மெல்லமாத்தானே தட்டினது. அப்பா எண்டு நினைச்சன்.”

நான் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.