நூறு கவுண்ட்

ஜூன் 9, திங்கள்
பேய்க்காற்று. மாட்டுக்கொட்டகை மேல் இரண்டு மட்டை விழுந்தது. தேங்காய் வெட்டு நாளைக்கு.

காலையில் தம்பி செந்தில் போன். கடலோரத்தில் குத்தகைக்கு எடுத்த குளத்தில் இறால் பிடித்தாயிற்றாம். "நூறு கவுண்டுங்கக்கா." போன தடவை நாற்பது. "ரெண்டரை மடங்கா கண்ணு!" என்றேன். சிரித்தான். "எல்லாம் உங்க கைராசிங்கக்கா."

இரண்டாவது குளம் எடுக்கப் போகிறான். பேங்கில் ஈடு கேட்கிறார்களாம். அப்பா என் பேருக்கு எழுதிய தோப்பின் பத்திரம் வேண்டும். வெள்ளிக்கிழமை வருகிறான். சரி என்றேன். சாயங்காலம் பக்கத்து வீடுகளுக்குக் கேசரி.

ஜூன் 11, புதன்
தூறல். வாங்க: உளுந்து, தீப்பெட்டி, கொசுவத்தி. பத்திரம் எடுத்து உறையில் போட்டாயிற்று.

மலையாளத்து மீன்காரர் வண்டியில் இறால். பெருமை தாங்காமல் தம்பி செ.யின் நூறு கவுண்டைச் சொன்னேன். தராசை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"கிலோவுக்கு நூறு நிக்கும்னா அது பொடி, சேச்சி. நாப்பதுன்னாத்தான் பெரிசு. குளத்துல சீக்கு வந்தா, சாகறதுக்கு முன்னாடி வாரிருவாங்க."

எண் ஏற ஏற இறால் சிறுசு, விலை கீழே. தீனி, மோட்டார் கரண்ட் செலவெல்லாம் செய்தபின் கைக்கு வருவது பொடி விலை. நான் பி.எஸ்சி. கணக்கு. ஆனால் தேங்காய் எண்ணி வளர்ந்த புத்தி. எண் கூடினால் சந்தோஷம்.

ஜூன் 12, வியாழன்
மூட்டம். தலைவலி.
அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது. நான் தப்பாகப் புரிந்துகொண்டது தெரிந்துதான் அந்தச் சிரிப்பு. சீக்கு வந்துருச்சுங்கக்கா என்று சொல்லியிருந்தால் பத்திரத்தைக் கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன்.

எதிர்வீட்டு சரசு கேசரிக் கிண்ணத்தைத் திருப்பித் தந்தாள். அடுத்த அறுவடைக்கு என்ன பலகாரமுங்க என்று கேலி. நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி
வெயில். செ. பத்து மணி பஸ்ஸில் வந்தான், தோளில் ஒரு பலாப்பழம். சாப்பிட்டான். ரசம் நன்றாக இருக்கிறது என்றான். பிறகு பத்திரம் கேட்டான். மேசை மேல் உறை. உறை மேல் என் கை.

"நூறுன்னா, கிலோவுக்கு நூறா கண்ணு?"

இல்லை என்பான், இல்லாவிட்டால் தலையாவது குனிவான் என்று நினைத்தேன்.

"ஆருங்கக்கா சொன்னாங்க?"

உறையை பீரோவில் வைத்துப் பூட்டினேன். மோர் கொடுத்தேன். குடித்தான். இரண்டரை பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தேன். காய்.