நோட்டீஸுக்குக் கீழே

ஓசூர்
18.12.1989

அன்புள்ள காவேரிக்கு,

கம்பெனி பஸ் நிற்கும் ஷெட்டில் உன் அப்பா ஒட்டிய ‘காணவில்லை’ நோட்டீஸில், உன் ராஜாத்தி அக்காவின் படத்துக்குக் கீழே இருந்த வெற்றிடம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. நான்கு விரல் அகலம் இருக்கும். ஷிப்டுக்குக் காத்திருந்தவர்கள் பேனாவால் எழுதி எழுதி, இரண்டே நாளில் அதை நிரப்பிவிட்டார்கள்.

அக்கா கிடைத்துவிட்டார் என்று பேக்கிங்கில் சரோஜம்மாள் சொன்னார். “உசிரோட இருக்குதாம் புள்ள, கால்தான் போச்சாம்” என்றார். பாத்ரூமுக்குப் போய் அழுதேன். உண்மையா? உடனே எழுது. எட்டாவதோடு நின்றவள், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன்
ஃபரீதா


போச்சம்பள்ளி
24.12.1989

அன்புள்ள ஃபரீதாவுக்கு,

கால் போகவில்லை. அதுவும் யாரோ கட்டிவிட்ட கதை. தொடை எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. சனிக்கிழமை வீட்டுக்கு வரக் கிளம்பினவள், கிருஷ்ணகிரியில் பஸ் மாற ரோட்டைக் கடக்கும்போது லாரி இடித்துவிட்டது. தலையில் அடி. பை எங்கே போனதோ. இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்து ஆஸ்பத்திரியில், பெயர் தெரியாதவளாகப் பதின்மூன்று நாள் கிடந்தாள்.

அப்பா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடுவதாகத்தான் இருந்தார். அதற்குள் ஷெட்டில் அந்த நோட்டீஸுக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்துவிட்டார். ‘பெங்களூர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தேன்.’ அதன் கீழே ‘யாரோடு?’ அதன் கீழே ‘ஒரு ஆள் அவள் பையைப் பிடித்திருந்தார்.’ அப்புறம் ஆளுக்கு ஒன்று. லாரி டிரைவர் என்றார்கள், மூன்று மாதம் என்றார்கள். அப்பா அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து, “இனிமே யாரும் தேட வேணாம்” என்று படுத்துவிட்டார்.

இப்போதும் கட்டில் பக்கத்தில் நின்று, “இடிச்சது எந்த லாரி? அவன் வண்டிதானே?” என்கிறார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இந்தக் குளிரில், கம்பெனி கொடுத்த பச்சை ஸ்வெட்டரைக்கூட ஓசூர் ரூமிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அம்மா போய் ஆணியிலிருந்து எடுத்து வந்தாள்.

காவேரி


ஓசூர்
29.12.1989

அன்புள்ள காவேரிக்கு,

ஸ்வெட்டரை ரூமிலேயே விட்டிருந்தாரா? அம்மாவுக்கு நன்றாகத் தெரியுமா?

அத்தா பேக்கரியிலிருந்து வர்க்கி வாங்கி வந்தார், உனக்குப் பிடிக்குமே என்று நினைத்துக்கொண்டேன். இங்கே பனி அதிகம். அந்தச் சனிக்கிழமை அக்கா வேறு ஸ்வெட்டர் எதுவும் போட்டிருக்கவில்லையா?

ஃபரீதா


போச்சம்பள்ளி
3.1.1990

ஃபரீதா,

ஸ்வெட்டரைப் பற்றி இரண்டு தரம் கேட்டிருக்கிறாய்.

அப்பா நோட்டீஸை விரித்த அன்றே எனக்குத் தெரியும். ஐந்து வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவள் நீ. பஸ்ஸில் ஏறிய வரி, பையைப் பிடித்த வரி, இரண்டும் உன் கையெழுத்து. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். அவளிடம் உன் பெயரைச் சொன்னேன். “அந்தப் புள்ளயா? அது பேசவே பேசாதே” என்றாள். அப்பாவிடம் சொல்லவில்லை. நான் சொன்னாலும் நம்பமாட்டார். பெற்ற மகள் பேச்சைவிட அந்தக் காகிதம் பெரிதாகப் போய்விட்டது அவருக்கு.

காவேரி


7.1.1990, ஞாயிறு
பஸ்ஸில்

காவேரி,

பஸ் ஆடுகிறது, எழுத்துக் கோணலாக இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து நான் பார்த்தது ஒரு பச்சை ஸ்வெட்டரின் முதுகை. எங்கள் கம்பெனியில் இருநூறு பெண்களுக்கு அதே ஸ்வெட்டர். முகத்தைப் பார்க்கவில்லை. உதவியாக இருக்கும் என்றுதான் முதல் வரியை எழுதினேன். மறுநாள் பார்த்தால் ‘யாரோடு?’ என்று கேட்டிருந்தது. என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை காவேரி. பஸ்ஸில் எல்லோரும் என் வரியைத்தான் பேசினார்கள். “எழுதினது யாரோ, கண்ணு கெட்டிதான்” என்றார் சரோஜம்மாள். அந்தச் சந்தோஷத்தில் இரண்டாவது வரியை எழுதினேன். அந்த ஆள் பிடித்திருந்தது அவளுடைய பையா, தன்னுடையதா, அதுகூட எனக்குத் தெரியாது.

லாரி டிரைவர் என்று எழுதினதைப் பார்த்தபோதே, முகம் பார்க்கவில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். எழுத இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓரத்தில் இடம் இருந்தது.

அப்பா முன்னால் எனக்குப் பேச்சு வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் இந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டு. அக்கா என்னைப் பார்க்க வேண்டாம் என்றால் வெளியிலேயே நிற்கிறேன்.

ஃபரீதா

மீதியை உங்கள் ஊர் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் வீட்டு வாசலில் அப்பா மாட்டுக்குத் தீனி போடுவது தெரிகிறது. வெயில் ஏறிவிட்டது. பையிலிருந்து என் பச்சை ஸ்வெட்டரை, அந்த இருநூறில் ஒன்றை, எடுத்துப் போட்டுக்கொண்டேன்.