மஞ்சள் விமானத்தின் எட்டு நிமிடங்கள்

2003 மார்ச் 2, ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்குமேல் அருமையான வெயில். பெக்டரி லீவு.

தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலை உச்சியில் நின்று விமானத்தை விட்டேன். மச்சான் டுபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. தக்கை மரம், மஞ்சள் இறக்கை, கையில் ரிமோட். சண்டைக் காலத்தில் வெளியே எடுக்கப் பயம். சமாதானம் வந்தபின் இது ஆறாவது தடவை.

பாட்டரி எட்டு நிமிடம்தான். அந்த எட்டு நிமிடமும் நான் பெக்டரியை நடத்தும் டீமேக்கர் இல்லை, யாருமில்லை. தேயிலைக்கு மேல் அதன் நிழல் வழுக்கிக்கொண்டு போகிறது. மேகத்துக்குள் நுழைந்தால் ஒரு கணம் மூச்சு நிற்கிறது. திரும்ப வெளியே வந்ததும் சிரிப்பு வருகிறது. நாற்பத்தாறு வயதில் தனியாக நின்று சிரிக்கிறேன்.

வாங்க வேண்டியவை: சூப்பர் கிளூ, சரோவுக்குத் தைலம், கருவாடு.

மார்ச் 5, புதன்

மதியம் தூறல். கொழுந்து குறைவு.

எங்கள் தோட்டத்துத் துரை கூப்பிட்டுச் சொன்னார். சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கம்பனிப் பெரியவர் கொழும்பிலிருந்து ஹெலிகாப்டரில் வருகிறார். பந்து விளையாடும் கிரவுண்டில் இறங்கும். சுண்ணாம்பால் வட்டம் போட வேண்டும். ஆடு மாடு, ஆள், பறவை எதுவும் பக்கத்தில் வராமல் பார்க்க வாச்சர் மாரிமுத்து. சிவப்புக் கொடி, விசில் கொடுத்தாயிற்று.

இரவுச் சாப்பாட்டில் பெண்சாதி சரோவோடு வாக்குவாதம்.

"அன்னிக்கு உங்க பிளேன வெளிய எடுத்துறாதீங்க."

"எனக்குத் தெரியாதா?"

"சைக்கிளுக்குத் தகடு இருக்கு, நாய்க்கு லைசன்ஸ் இருக்கு, ரேடியோவுக்குக்கூட ஒரு காலத்துல இருந்துச்சு. ஆகாயத்துல விடுறதுக்கு மட்டும் ஒண்ணும் வேணாமாங்க?"

ஆகாயம் யார் அப்பன் வீட்டுச் சொத்து என்று கேட்டேன். யாரிடம் அனுமதி கேட்பது என்றே தெரியாது. தபால் கந்தோரில் ஒருமுறை விசாரித்தேன், சிரித்தார்கள். சட்டம் வந்தால் முதலில் போவது இந்த எட்டு நிமிடம்தான். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வானம் துடைத்து வைத்தது போல. கிரவுண்டில் வெள்ளை வட்டம். அதற்கு மேலாக ஒரே ஒரு சுற்று, மஞ்சள் இறக்கை பச்சையிலிருந்து வெள்ளைக்கு வருவதைப் பார்க்க ஆசை. பெக்டரிக் கடிகாரத்தில் மூன்று இருபது. நாலு மணிக்குத்தானே. எட்டு நிமிடம் போக மீதி நேரம் கிடக்கிறது. வரவேற்புக்காரர்கள் பூமாலையோடு பங்களா வாசலில். நடுவே சவுக்கு மரங்கள் மறைக்கின்றன. ஏழாம் நம்பருக்கு ஏறி விமானத்தை விட்டேன்.

அது மிதந்தது. வட்டத்தைத் தாண்டித் திரும்பியது. அப்போது மலைக்குப் பின்னாலிருந்து டப டப டப.

அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி எத்தனையோ வருடம். எங்கள் தோட்டம்தான் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கும் பெக்டரிச் சங்குக்கும் இன்னும் பழைய நேரத்தையே கட்டிக்கொண்டு அழுகிறது. பெக்டரியில் மூன்றரை என்றால் கொழும்பில் நாலு. கொழும்பு ஹெலிகாப்டர் கொழும்பு நேரத்துக்குத்தானே வரும்? பதினெட்டு வருட டீமேக்கருக்கு அது உறைக்கவில்லை.

என் விமானத்துக்கு நேராக வந்தது. சடாரென்று இடப்பக்கம் சாய்ந்தது. சவுக்கு உச்சி இலைகள் பறந்தன. உள்ளே எத்தனை பேரோ. நான் மோட்டாரை நிறுத்தினேன், மஞ்சள் தேயிலைக்குள் விழுந்தது. ஹெலிகாப்டர் இன்னொரு சுற்றுச் சுற்றி இறங்கியது. யாருக்கும் ஒன்றுமில்லை.

விமானத்தைச் சாக்கில் சுற்றி பெக்டரி மேல்மாடியில் ஒளித்தேன். திருடன் மாதிரி.

மார்ச் 9, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை.

குறுக்கே வந்தது பெரிய கழுகு என்று பைலட் சொன்னாராம். பெரியவர் முகம் வெளுத்துப் போயிருந்ததாம். துரை எல்லார் முன்னாலும் மாரிமுத்துவைப் பார்த்துக் கத்தினார்: "பறவ வெரட்டத்தான் ஒன்ன நிப்பாட்டினது! விசில் என்னா வாயில அடச்சிருந்ததா?" அவனை வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று. இனிப் பெரட்டில் அவன் பெயர் கூப்பிட மாட்டார்கள். வேலை இல்லையென்றால் அவன் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் எத்தனை நாளைக்கு?

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

சரோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்த ஹெலிகாப்டர் விழுந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

பனி மதியம் வரை விலகவில்லை. டிரையர் பெல்ட் மாற்றியது. பல்வலி.

சட்டம் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். யாராவது ஒருவரிடம் கேட்டுத்தான் விட வேண்டும் என்று ஒரு வரி எங்கேயாவது எழுதி இருந்திருந்தால் துரையிடம் கேட்டிருப்பேன். "நாலு மணி, கொழும்பு நேரம், மடையா" என்றிருப்பார். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

மாலையில் மாரிமுத்துவின் லயத்துக்குப் போனேன். வாசலில் விறகு வெட்டிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்ல மூன்று தடவை தொண்டையைக் கனைத்தேன். அவனே பேசினான்.

"பாத்தேங்க ஐயா."

"எதை?"

"மஞ்ச பிளேன. நீங்க விடுறப்பெல்லாம் பாப்பேனுங்க. அன்னிக்கும் பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

"பிறகேன் விசில் ஊதல?"

கோடரியைக் கீழே வைத்தான். "ஊதுனா எறக்கிப்புடுவீங்களேன்னு ஊதலீங்க. கொஞ்சம் போகட்டும்னு நின்னேன். அதுக்குள்ள வந்துருச்சு."

"துரைகிட்ட ஏன் என் பேரச் சொல்லல?"

"நான் ஊதாதது நெசந்தானுங்களே."

அவன் பெண்சாதி தேத்தண்ணி கொண்டுவந்தாள். இத்தனை நாள் அந்த உச்சியில் தனியாக நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 12, புதன்

வெயில். காற்று இல்லை. பறக்க விட ஏற்ற நாள்.

காலை பெரட்டு முடிந்ததும் ஆபீஸ். விமானம், ரிமோட், கடிதம் மூன்றையும் துரை மேசையில் வைத்தேன். விட்டது நான், நேரம் பிசகியது என்னால், வாச்சர் மேல் குற்றமில்லை. அடியில் கையெழுத்து.

படித்தார். கதவைச் சாத்தினார்.

"டீமேக்கர், நீ ஸ்டாஃப் உத்தியோகத்தன், லயத்து ஆள் இல்ல. பைலட் கழுகுன்னு சொல்லியாச்சு. இத நான் பாக்கல. எடுத்துட்டுப் போ."

"மாரிமுத்து, சார்?"

"வாச்சர் வேலைக்கு வேற ஆள் கெடைக்கும்."

"கடிதத்துக்கு இன்னொரு பிரதி எழுதினேன், சார். கொழும்புக் கந்தோருக்கு. காலைத் தபாலில் போய்விட்டது."

கடிதத்தை மடித்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்குப் பெரட்டுக்கு அவன வரச் சொல்லு."

என்னைப் பற்றி இனிக் கொழும்புதான் சொல்ல வேண்டும்.